வாசலுக்கு வெளியே 230 வோல்ட்

மதுரையில் புது வீடு எழும் எந்தத் தெருவிலும், திருப்பாலையோ பழங்காநத்தமோ, இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உள்ளே பதிக்க வேண்டிய கிரானைட் பலகை வாசலில் இரண்டு செங்கல் மேல் கிடக்கிறது. ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் மேல் கட்டிங் மெஷினை ஓட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் பையன், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர்ப் பாட்டிலை அழுத்தி, பிளேடு சூடேறாமலும் தூசி பறக்காமலும் பார்த்துக்கொள்கிறான். வெட்டுகிறவர் காலில் செருப்பு இல்லை. காலடியில் கல்மாவும் தண்ணீரும் கலந்த சாம்பல் நிறச் சேறு. மெஷினின் ஒயர் வீட்டுக்குள் போகிறது. நடுவே இரண்டு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. ஒயரின் முனையில் பிளக் கிடையாது. செம்புக் கம்பிகளை முறுக்கி, சாக்கெட்டின் ஓட்டைகளுக்குள் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கியிருப்பார்கள்.

பெரும்பாலான நாள்களில் ஒன்றும் ஆவதில்லை. மாலையில் மெஷினைத் துடைத்துச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பழக்கமே பெரிய ஆபத்து. பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறோம் என்கிற அனுபவம், மின்சாரத்தைப் பொறுத்தவரை எதையும் நிரூபிப்பதில்லை. டேப் சுற்றிய இடத்தில் தண்ணீர் இறங்குவது, மெஷினுக்குள் கார்பன் தூள் ஈரமாகிப் படிவது, வெறுங்காலை ஈரத்தில் ஊன்றுவது ஆகிய மூன்றும் ஒரே நொடியில் கூடினால் விபத்து. வீட்டுக்குள் இவை கூடுவது அபூர்வம். வெளியில் இவற்றில் இரண்டு எப்போதும் தயாராகவே நிற்கின்றன.

வெளியில் என்ன மாறுகிறது? கம்பியில் வரும் மின்சாரம் அதே 230 வோல்ட்தான். மாறுவது தரை. மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் நாம் நிற்கும் மண்ணே மின்சாரம் திரும்பிப் போவதற்கான ஒரு வழி. மின்சாரம் வரும் பேஸ் கம்பியைத் தொடுகிறவர் மண்ணோடு எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருக்கு ‘சுருக்’ என்பதோடு போகுமா, உயிர் போகுமா என்பது முடிவாகிறது. காய்ந்த மொசைக் தரையில் ரப்பர் செருப்போடு நிற்பவருக்கும் மண்ணுக்கும் இடையே மின்தடை மிக அதிகம். பல லட்சம் ஓம்கூட இருக்கலாம். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. நனைந்த கையும், ஈரமண்ணில் ஊன்றிய வெறுங்காலும் என்றால், மிஞ்சுவது உடம்பின் உள்தடை மட்டும்தான். அதைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர்.

அந்த எண் எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் விரல் நுனியில் தெரியும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும்போது தசை இறுகிக்கொள்ளும்; பிடித்ததை விட முடியாது. 30 மில்லி ஆம்பியரில் மூச்சுத் தசைகள் இறுகலாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் ஒரு நொடிக்கு மேல் மார்பு வழியே பாய்ந்தால், இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. ஒரு 7 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வதே ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர்தான். வராந்தா விளக்கை எரிக்கும் மின்சாரம் ஒரு மனிதரைச் சாய்க்கப் போதும்.

தசை இறுகுவதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ‘கரண்ட் சிலரைத் தூக்கி எறியும், சிலரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்’ என்று கிராமங்களில் சொல்வார்கள். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. கையை மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒன்றாகத் தூண்டப்படும்போது கை மூடிக்கொள்கிறது. டிரில்லிங் மெஷின், கட்டர், தண்ணீர் பீய்ச்சும் வாஷரின் துப்பாக்கி என வெளிவேலைக் கருவிகள் எல்லாமே இறுகப் பிடித்து இயக்குபவை. கசிவு வந்தால் ஏற்கெனவே மூடியிருக்கும் கை மேலும் மூடும். பழைய எலக்ட்ரீஷியன்கள் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதன் காரணம் இதுதான். காரணம் புத்திசாலித்தனமானது, பழக்கம் மட்டும் முட்டாள்தனமானது.

‘அதற்குத்தான் எம்.சி.பி. போட்டிருக்கிறோமே’ என்ற பதில் உடனே வரும். வீட்டுக்கு வீடு இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யும், அதற்கு முன்னால் இருந்த பியூஸும் மனிதரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுவருக்குள் ஓடும் ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்னோட்டம் போனால்தான் விழும். ஒருவரைக் கொல்ல அதில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். கட்டரைப் பிடித்தபடி ஒருவர் விறைத்து நிற்கும்போது அந்த எம்.சி.பி. தன் பாட்டுக்கு மேல்நோக்கி நிற்கும். அதில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்த பதில், ‘எர்த் இருக்கிறது.’ இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மதுரைக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

எர்த்தின் வேலை இது: கான்கிரீட் மிக்ஸர், மோட்டார், ஏர் கூலர் போன்ற இரும்பு உடம்புள்ள கருவியில் பேஸ் கம்பி உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரத்தை எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும், அப்படிப் போவது மிகுதியாக இருந்து எம்.சி.பி.யை விழச் செய்ய வேண்டும். முதல் பாதி நடக்கிறது. இரண்டாம் பாதி எர்த் குழியின் தடையைப் பொறுத்தது. நல்ல குழி என்று சொல்லத்தக்க 10 ஓம் இருந்தாலும் பாய்வது அதிகபட்சம் 23 ஆம்பியர். வீடுகளில் பரவலாக உள்ள ‘சி’ வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ அதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியரில் அது சூடேறி விழ நிமிடக் கணக்காகலாம். அதுவரை மிக்ஸரின் உடம்பு உயிருள்ள கம்பிதான்.

10 ஓம் என்பதே இங்கே பெரிய ஆசை. மதுரையைச் சுற்றியுள்ள நிலம் கடினப் பாறை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் நாகமலையும் தரைக்கு மேலே தலைநீட்டிய பகுதிகள். மற்ற இடங்களில் நைஸ், சார்னோகைட் என்ற கடினப் பாறைகள் சில அடி ஆழத்திலேயே கிடக்கின்றன. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண் சரளையைத் தாண்டிக் கடப்பாரை இறங்காது. எட்டடி இறக்க வேண்டிய எர்த் குழாயை நான்கடியில் நிறுத்திவிட்டு, உப்பும் கரியும் கொட்டி மூடிவிடுவார்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஈரமாக இருக்கும்வரை அருமையான எர்த். ஆனால் கோடையில் வெடித்துப் பிளந்து குழாயை விட்டே விலகி நிற்கும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. மாசி முதல் மண் காய்ந்துகொண்டே போகிறது. ‘எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று பெரியவர்கள் சொன்னது சரியான அறிவுரை. இப்போதைய வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மேலே டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒயர்மேன்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போடுவார்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் அருமை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எரியும்போது 100 வாட் பல்பின் தடை சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும்; வெளிச்சத்தில் குறை தெரியாது. அந்த 50 ஓம் எர்த்தில் பழுது வந்தால் பாய்வது 4.6 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி. கூட விழாது, எவ்வளவு நேரமானாலும். அதோடு முடியவில்லை. வீட்டிலுள்ள எல்லா எர்த் ஒயர்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால், தோட்டத்து மோட்டாரில் வந்த பழுது சமையலறை பிரிட்ஜின் கைப்பிடியில் ஷாக்காக வெளிப்படும். பிரிட்ஜைப் பழுதுபார்க்க ஆள் வருவார். அதில் ஒரு கோளாறும் இருக்காது.

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. தேவைப்படுகிறது. கசிவு மின்னோட்டத்தைப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கும் இந்தக் கருவி, கடையில் கல்லாக் கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்கிறது: பேஸ் வழியாகப் போனது எவ்வளவு, நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் எங்கோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அது ஒருவரின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். வீடுகளுக்கான கருவி 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்தில் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள். ஒரு இதயத் துடிப்புக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 0.8 நொடி. ஷாக் அடிப்பது தெரியும், வலிக்கும், கத்துவோம். பெரும்பாலும் உயிர் இருக்கும்.

மோசமான எர்த்தையும் இது உருப்படியாக்கிவிடும். அதே 50 ஓம் எர்த்தில் 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே இணைப்பு துண்டிக்கப்படுகிறது என்றால், கருவியின் உடம்பில் நீடித்து நிற்கக்கூடிய வோல்டேஜ் ஒன்றரைதான். எம்.சி.பி.யை விழச் செய்ய முடியாத பாறை நிலத்து எர்த், ஆர்.சி.சி.பி.யை விழச் செய்யத் தாராளமாகப் போதும். வண்டல் மண்ணும் எந்நேரமும் ஈரமும் உள்ள ஊர்களில் இதைக் கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லலாம். நம் ஊரில் எர்த் என்ற ஏற்பாடே இது இருந்தால்தான் முழுமையடைகிறது. எம்.சி.பி. பெட்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் திரும்பக் கூடாது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பைச் சொல்கின்றன. மற்ற இணைப்புகளுக்கு 100 மில்லி ஆம்பியர் வரை அனுமதி. மின்வாரியமும் இதை ‘ஆர்.சி.டி.’ என்ற பெயரில் பொருத்தும்படி சொல்லிவருகிறது. நடைமுறையில் பழைய வீடுகளில் அது கிடையாது. புது வீடுகளில் பலவற்றில் இருந்தும் இல்லை. காரணம், அது அடிக்கடி விழுகிறது. மழைக்காலத்தில் மொட்டை மாடி விளக்கில் ஈரம் இறங்கினால் விழும். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல்களை ஒன்றாக முறுக்கியிருந்தால் விழும். தொல்லை தாங்காமல் ஒருவரை அழைத்தால், அவர் ஐந்து நிமிடத்தில் ஒயரை நேராக இணைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். கருவி பெட்டிக்குள் இருக்கும், வேலை செய்யாது. முகப்பில் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும், அல்லது யாரோ அதைத் தாண்டி ஒயர் இழுத்திருக்கிறார்கள்.

அதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை அது பல்பிலிருந்து வேறுபடுத்திப் பார்க்காது. போனதெல்லாம் திரும்பி வருகிறதே. அதேபோல, வாடகைக்கு வரும் சிறு ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காவிட்டால் கசிவுக்குத் திரும்பும் வழியே இருக்காது, ஆர்.சி.சி.பி. சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் பழுதில் ஷாக்கும் அடிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது பழுதில்தான் தெரியவரும்.

கிராமங்களில் இதைவிடப் பயங்கரமான ஒரு வழக்கம் உண்டு. நியூட்ரல் அறுந்துபோனால், அல்லது தோட்டத்தில் நியூட்ரல் இல்லாத இடத்தில் ஒரு பல்போ சிறு மோட்டாரோ ஓட வேண்டுமென்றால், பேஸை மட்டும் எடுத்து, மறு முனைக்கு எர்த் கம்பியைக் கொடுத்துவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் அந்த எர்த் கம்பி இப்போது சுமை தாங்கும் நியூட்ரல். அதைச் சுற்றியுள்ள மண்ணில் வோல்டேஜ் பரவியிருக்கும். மனிதரைவிட நான்கு கால் மிருகத்துக்கே ஆபத்து அதிகம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் கூடுதல், நடுவில் இதயம் இருக்கிறது. மோட்டார் அறைப் பக்கம் மாடு சுருண்டு விழுந்தது என்றால் முதலில் அந்த எர்த் கம்பியைப் பார்க்க வேண்டும்.

கருவிக்கு வருவோம். மூன்று ஊசிப் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த ஊசி மற்ற இரண்டைவிட நீளம். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அதை அறுத்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் இரண்டு ஒயர் மட்டும் வரும் கருவிகள் எல்லாமே தவறானவை என்றும் நினைக்க வேண்டாம். டிரில், கல் வெட்டும் கட்டர் ஆகியவற்றின் லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் அந்தக் காப்பு, கருவி காய்ந்திருக்கும்வரைதான். காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் இரண்டு காப்பும் ஒன்றாகத் தோற்கும். பாட்டிலால் தண்ணீர் ஊற்றுகிற அந்தப் பையன் செய்வது இதைத்தான். தண்ணீர் ஊற்றி வெட்டுவதற்கென்றே குழாய் இணைப்போடு செய்யப்பட்ட மெஷின்கள் இருக்கின்றன, அவற்றையும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஓட்டக் கூடாது என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் கட்டட வேலையிடங்களில் டிரான்ஸ்பார்மர் வைத்து 110 வோல்ட்டாகக் குறைத்துத்தான் கைக்கருவிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதன் நடுப்புள்ளியை எர்த் செய்திருப்பதால் எந்தக் கம்பியைத் தொட்டாலும் மண்ணுக்கு 55 வோல்ட்தான். நம் ஊரில் அந்த ஏற்பாடு பரவவில்லை, இனிப் பரவும் என்றும் தோன்றவில்லை. பேட்டரியில் ஓடும் 18 வோல்ட் டிரில்கள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. துளை போட, திருகு முடுக்க வெளியில் அவற்றைப் பயன்படுத்துவதைப் போன்ற எளிய தீர்வு வேறில்லை. கிரானைட் வெட்ட மட்டும் இன்னும் பெரும்பாலும் மெயின் கரண்ட்தான்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 50 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் எடுத்தால் ஏறக்குறைய 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். மெஷின் திணறும், ஒயர் சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 8 வோல்ட்டோடு போகும். சுருளாக வைத்தபடி ஓட்டினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியின்றி உருகும். முழுவதும் விரித்துப் போட வேண்டும். டேப் சுற்றிய ஜாயின்ட் காய்ந்த சுவரில் பரவாயில்லை. புல்லிலும் சேற்றிலும் அது திறந்த கம்பிக்குச் சமம். வெயிலில் கிடக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை இரண்டு கோடைக்குள் வெடித்துவிடும். வெளிச்சுவரில் சாக்கெட் வைப்பவர்கள் ஐ.பி. எண்ணைப் பாருங்கள்: 44 என்றால் சாரலைத் தாங்கும், 65 என்றால் குழாயால் பீய்ச்சுவதைத் தாங்கும். மூடியைத் திறந்து பிளக்கைச் செருகிய பிறகும் அந்த எண் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பல மலிவுப் பெட்டிகளில் பொருந்தாது.

வேலைக்கு ஆள் விடும் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒரு எம்.சி.பி., இரண்டு சாக்கெட், நல்ல மூன்றிழைக் கேபிள் என்று வைத்துத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் கட்டச் சொல்லுங்கள். நல்ல மிக்ஸி ஒன்றின் விலைகூட ஆகாது. பெட்டி வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கட்டும். வெளியே போகும் எல்லா ஒயரும் அதிலிருந்தே போகட்டும். தீக்குச்சி வைத்துச் செருகும் கூலித் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதைவிட இது நியாயம். அவர் கையில் இருப்பது ஒப்பந்தக்காரர் கொடுத்த மெஷின். எதில் செருகுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை.

திருவிழாக்களுக்கு வந்தால் இதே கணக்குகள் தெரு அளவுக்கு விரிகின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, வைகையில் எழுந்தருளும்வரை வழிநெடுக மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் இரும்புக் குழாய்ப் பந்தல், குழல் விளக்கு, சீரியல் செட், ஒலிபெருக்கி. அந்தப் பந்தல்களுக்கு நடுவேதான் ஆட்டுத்தோல் துருத்தியில் தண்ணீர் சுமந்து வரும் பக்தர்கள் அழகர் மேல் பீய்ச்சுகிறார்கள். எல்லோரும் வெறுங்கால், எல்லோரும் நனைந்தவர்கள், சாலை முழுக்க ஈரம். கம்பிக்குழாயில் உரசி உறை கிழிந்த ஒரு ஒயர் பந்தல் முழுவதையும் பேஸ் ஆக்கிவிடும். இரும்புக் கால்கள் ஈரத் தார்ச் சாலையில் நிற்பதால் பந்தல் தானாக எர்த் ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. பந்தல் குழாயை எர்த் ஒயரோடு இணைத்து, ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் கரண்ட் கொடுப்பதே வழி.

சீரியல் செட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: ‘எல்.இ.டி. தானே, ஷாக் அடிக்காது.’ நேராகச் சாக்கெட்டில் செருகும் மலிவுச் சீரியலில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பல்புகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். தொடங்கும் இடத்தில் முழு மெயின் வோல்டேஜும் மயிரிழை போன்ற ஒயரில் நிற்கிறது. அதை வாழை மரத்திலும் தகரக் கூரையிலும் கம்பி வேலியிலும் சுற்றுகிறோம். 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரோடு வருபவை பரவாயில்லை. அடாப்டரை மட்டும் மழை படாத இடத்தில் வையுங்கள்.

தலைக்கு மேலே ஓடும் கம்பிகள் தனி விவகாரம். அங்கே ஆர்.சி.சி.பி. எதுவும் உதவாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் உயரழுத்தக் கம்பிக்கு விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர், தாழ்வழுத்தக் கம்பிக்கு 5.8 மீட்டர். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுக்கொண்டே வந்தால் இந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும். கம்பம் அப்படியே நிற்கும். மாடியில் அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்துகிறவரும், இரும்புக் கழியால் மாங்காய் பறிப்பவரும், பிளக்ஸ் பேனரின் சட்டத்தைக் கம்பத்தில் சாய்ப்பவரும் இதே வகைதான். சப்பரம் போகும் தெருவில் அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987 தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றிச் சொல்வதற்கும்தான் இருக்கிறது. பந்தலுக்குத் தற்காலிக இணைப்பு வாங்குவது வீட்டுக் கட்டணத்தைவிடச் செலவு என்பதால் கொக்கி போடுகிறார்கள். கொக்கியில் மீட்டர் மட்டும் இல்லையென்பதில்லை, பியூஸும் இல்லை.

தண்ணீருக்குள் ஓடும் கருவிகளைப் பற்றி ஒரே விதிதான்: பம்பு ஓடும்போது தண்ணீரில் ஆள் இருக்கக் கூடாது. ஐப்பசி மழையில் கீழ்த்தளம் நிறைந்ததும் சிறு சப்மெர்சிபிளை இறக்கிவிட்டு, அடைத்த குப்பையை எடுக்க அதிலேயே இறங்குகிறார்கள். தரைத்தொட்டி கழுவுகிறவர்களும் அப்படியே. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் பம்புக்குள் பேஸ் நிற்கும். கோடையில் வராந்தாவில் வைக்கும் தகர உடம்பு ஏர் கூலருக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் இதுவே.

யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. அது எங்கே என்று தெரியாத வீட்டில், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஒயரைத் தள்ள வேண்டும். அதுவும் வீட்டு மின்சாரத்துக்கு மட்டும்தான். கம்பத்திலிருந்து விழுந்த கம்பி என்றால் கிட்டவே போகக் கூடாது. மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, ‘ஒன்றுமில்லை, டீ குடித்தால் சரியாகும்’ என்று சொல்பவரையும், நெஞ்சுப் படபடப்போ மயக்கமோ இருந்தால், விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், சிலருக்கு இதயத் துடிப்பின் கோளாறு பின்னரும் தெரியலாம். தோலில் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும் தீக்காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம்.

ஷாக் அடித்த மெஷினை மூலையில் வைத்து ‘யாரும் தொடாதே’ என்று சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் வேறொரு ஆள் வந்து எடுத்துச் செருகுவார். பழுது பார்க்கும்வரை அதன் பிளக்கை ஒயரோடு வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. வெட்டிய முனையைத் தீக்குச்சி வைத்துச் செருகப் பார்ப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், ஒயரை மெஷினோடு ஒட்ட வெட்டுங்கள்.